டிஸ்ட்ரிபியூட்டர் எப்படி வேலை செய்கிறது: சி.பி. பாயிண்ட்டிலிருந்து பிளக் தலையில் உட்காரும் காயில் வரை

பழைய அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால், இன்ஜினின் பக்கவாட்டில் கறுப்பு மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று சாய்ந்து நிற்கும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். மூடியிலிருந்து ஐந்து தடித்த ஒயர்கள் கிளம்பும். நடுவில் இருப்பது, பேட்டரி வோல்ட்டை உயர்த்தித் தரும் கம்பிச்சுருளான காயிலிலிருந்து வருகிறது. சுற்றியுள்ள நான்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குக்குப் போகின்றன. இன்றைய புது பெட்ரோல் கார்களில் இந்த டப்பாவைத் தேடினால் கிடைக்காது. அது பார்த்த வேலைகள் மட்டும் ஆளுக்கொரு இடமாகப் பிரிந்து போயிருக்கின்றன.

அந்த வேலைகள் மூன்று. காயிலுக்குப் போகும் கரண்டை வெட்டுவது ஒன்று. அதை எந்த நொடியில் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்வது இரண்டு. அதனால் கிளம்பும் நெருப்பை எந்த சிலிண்டருக்கு அனுப்புவது என்பது மூன்று. முதலில் எலக்ட்ரானிக் மாட்யூல் வந்து வெட்டும் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. பிறகு கம்ப்யூட்டர் வந்து நேரம் பார்க்கும் வேலையை எடுத்தது. கடைசியில் பங்கிடும் வேலையும் போனது, டப்பாவும் போனது. முன்னால் நிற்கும் வண்டியில் எந்த வேலை எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், கோளாறு தேடுவதில் பாதி முடிந்துவிடும்.

12 வோல்ட் எப்படி 20,000 ஆகிறது

சார்லஸ் கெட்டரிங் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேடிலாக் கார்களுக்காகக் கொண்டுவந்த முறைதான் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க ஓடியது. காயிலுக்குள் இரண்டு சுற்று இருக்கிறது. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. சாவியைத் திருப்பினால் பேட்டரி கரண்ட் தடித்த சுற்று வழியாகப் போய், சி.பி. பாயிண்ட் (கான்டாக்ட் பிரேக்கர், அதாவது சேர்ந்து பிரியும் இரண்டு தொடுமுனைகள்) வழியாக எர்த் ஆகிறது. சுமார் 4 ஆம்பியர். இரும்புக் கருவைச் சுற்றிக் காந்தப்புலம் நிரம்புகிறது.

பாயிண்ட் சேரும்போது நெருப்பு வருகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பிரியும்போதுதான் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் குழாய்த் தண்ணீரைப் படாரென்று மூடினால் பைப் முழுக்க 'டம்'மென்று அதிருமே, அப்படித்தான் இதுவும். கரண்ட் திடீரென்று நின்றதும் காந்தப்புலம் சரிந்து, தடித்த சுற்றிலேயே 200, 300 வோல்ட் வரை எகிறுகிறது. மெல்லிய சுற்றில் அது நூறு மடங்காகி 20,000 வோல்ட்டைத் தாண்டுகிறது. பிளக் இடைவெளியைத் தாண்ட அது போதும்.

இங்கே கண்டன்சரின் வேலையையும் சொல்லிவிட வேண்டும். பாயிண்ட் பிரியும் நேரத்தில் அந்த 300 வோல்ட், பிளக்கை விட்டுவிட்டுப் பாயிண்ட்டின் சின்ன இடைவெளியிலேயே தாவப் பார்க்கும். தாவினால் கரண்ட் உடனே நிற்காது. காயிலில் வேகம் வராது. பாயிண்ட்டுக்கு இணையாக மாட்டியிருக்கும் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள கண்டன்சர் அந்த உந்துதலை வாங்கிக்கொள்கிறது. கண்டன்சர் போனால் பாயிண்ட்டில் நீலப்பொறி பறக்கும், பிளக்கில் மஞ்சளாக, சோகையாக ஒரு பொறி வரும். வண்டி ஸ்டார்ட் ஆனாலும் லோடு ஏறினால் திணறும்.

டப்பாவுக்குள், கீழிருந்து மேலே

அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜினை வைத்தே பார்ப்போம். இந்தியாவில் ஓடிய பல வண்டிகளுக்குச் சென்னை பாடியில் உள்ள லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையிலிருந்துதான் டிஸ்ட்ரிபியூட்டர் போனது. அதனால் இந்த அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி.

கீழே இருக்கும் ஷாஃப்ட்டை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சுற்றுகிறது. ஆகவே இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் நெருப்பு வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு. ஷாஃப்ட்டின் மேல்பகுதியில் நான்கு முனை கொண்ட கேம். அது சுற்றச் சுற்ற, பாயிண்ட்டின் பைபர் குதிகாலைத் தள்ளி, ஒரு சுற்றில் நான்கு முறை பாயிண்ட்டைப் பிரிக்கிறது. அதற்கு மேலே ரோட்டர். காயிலிலிருந்து வரும் உயர்அழுத்தம் மூடியின் நடுவிலுள்ள கார்பன் குச்சி வழியாக ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு வந்து, அதன் முனையிலிருந்து அந்தந்த பிளக்கின் டெர்மினலுக்குத் தாவுகிறது. ரோட்டர் எதையும் தொடுவதில்லை. சின்னக் காற்று இடைவெளியைத் தாண்டியே அனுப்புகிறது. மூடிக்குள் ஓசோன் வாசனை அடிப்பதும், டெர்மினல்கள் வெள்ளை பூத்து அரிப்பதும் இதனால்தான்.

ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களுக்கு நெருப்பு போகும் வரிசை, 1-3-4-2. இந்த இன்ஜினில் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும், பிளக் ஒயர்களையும் அதே திசையில்தான் அடுக்க வேண்டும். மாருதி 800இல் சிலிண்டர் மூன்றே என்பதால் 1-3-2. அதில் டிஸ்ட்ரிபியூட்டரை சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் கேம்ஷாஃப்ட்டே சுற்றுகிறது.

அட்வான்ஸ்: நெருப்பு முன்கூட்டியே வருவது ஏன்

பெட்ரோல்-காற்றுக் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் முழு இழுவை கிடைக்கும். ஆகவே உச்சிக்கு வருவதற்கு முன்பே கொளுத்திவிட வேண்டும். 1000 ஆர்.பி.எம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) ஒரு மில்லிசெகண்டில் 6 டிகிரி திரும்புகிறது; 3000இல் 18 டிகிரி. எரியும் நேரம் அந்த அளவுக்குக் குறையாது. எனவே வேகம் ஏற ஏற இன்னும் முன்னதாகக் கொளுத்த வேண்டும்.

வேகத்துக்கேற்ப முன்தள்ளுவது, பாயிண்ட் தட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரிந்து, கேமை ரோட்டர் சுற்றும் திசையிலேயே கொஞ்சம் முன்னால் திருப்பிவிடும். இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே பலத்தில் இருக்காது. ஒன்று தொளதொளவென்றுகூட இருக்கும். அது பழுது என்று நினைத்து இரண்டையும் ஒரே மாதிரி மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வண்டிக்குப் பிக்கப்பே வராது.

லோடுக்கேற்பத் திருத்துவது வேக்குவம் டப்பா. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து சமவெளியில் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, எரிவதும் மெதுவு. அப்போது கார்புரேட்டர் பக்கத்து உறிஞ்சல் டயஃப்ரத்தை இழுத்து, பாயிண்ட் தட்டையே ரோட்டருக்கு எதிர்த்திசையில் திருப்பும். மைலேஜுக்கு இது முக்கியம். டயஃப்ரம் கிழிந்தாலும் வண்டி ஓடும், பெட்ரோல் மட்டும் அதிகம் குடிக்கும். அதனால்தான் பல வண்டிகளில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. சோதிப்பது சுலபம்: மூடியைக் கழற்றி, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நாக்கால் குழாயை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும்.

கை வைக்கும் வேலை: பாயிண்ட் கேப், பிறகு டைமிங்

வரிசை மாறக்கூடாது. கேப் மாறினால் டைமிங்கும் மாறும். கேப் பெரிதானால் பாயிண்ட் சீக்கிரம் பிரியும், அட்வான்ஸ் ஏறும். குதிகால் தேய்ந்து கேப் சுருங்கினால் ரிடார்ட் ஆகும், அதாவது நெருப்பு தாமதமாக வரும். கீழே சொல்வது லூகாஸ் 25டி வகைக்கு. வேறு வகை என்றால் அளவுகளை அந்த வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சாவியை ஆஃப் செய்யுங்கள். இரண்டு கிளிப்பையும் தள்ளி, ஒயர்களோடு மூடியை எடுத்து ஓரமாக வையுங்கள். ரோட்டரை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும்.

2. பாயிண்ட் முகங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தால் பாயிண்ட்டையும் கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை. அவசரத்துக்கு ஊர் வந்து சேரலாம், அவ்வளவே. தாளின் துகள் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த தகராறைத் தொடங்கிவைக்கும்.

3. குதிகால் கேம் முனையின் உச்சியில் உட்காரும்வரை இன்ஜினைத் திருப்புங்கள். டாப் கியரில் போட்டு வண்டியை லேசாகத் தள்ளினால் போதும். இந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் லேசான உரசலோடு நுழைய வேண்டும். ஸ்குரூவைத் தளர்த்தித் தட்டை நகர்த்தி, இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது வழக்கம்.

4. டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு 90 டிகிரியிலும் பாயிண்ட் சேர்ந்திருக்கும் பங்கு 60 டிகிரி அளவில் இருக்க வேண்டும். 3000 ஆர்.பி.எம்மில் இந்த 60 டிகிரி என்பது 6.7 மில்லிசெகண்ட், 6000இல் அதில் பாதி. அதற்குள் காயில் நிரம்ப வேண்டும். வேகத்தில் நெருப்பு பலவீனமாவதன் காரணம் இதுதான்.

5. கேமில் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட்டில் விழும்.

6. இனி டைமிங். 1ஆம் நம்பர் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் விரல் வைத்து இன்ஜினைத் திருப்புங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். கிராங்க் புல்லியின் வெட்டு, டைமிங் கவரிலுள்ள முள்ளில் மேனுவல் சொல்லும் டிகிரிக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். ரோட்டரை மாட்டிப் பார்த்தால் அது 1ஆம் நம்பர் ஒயரைக் காட்ட வேண்டும்.

7. ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வரும் மெல்லிய ஒயரின் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டிச் சாவியை ஆன் செய்யுங்கள். பாயிண்ட் சேர்ந்திருந்தால் பல்பு அணைந்திருக்கும், பிரிந்தால் எரியும். அடியிலுள்ள கிளாம்ப்பைத் தளர்த்தி, டப்பாவை ரோட்டர் சுற்றும் திசையில் பல்பு அணையும்வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மெல்ல மெல்லக் கொண்டுவந்து, பல்பு பளிச்சென்று எரியும் அதே இடத்தில் நிறுத்தி இறுக்குங்கள். சாவியை உடனே ஆஃப் செய்துவிடுங்கள். பாயிண்ட் சேர்ந்த நிலையில் சாவி ஆனில் கிடந்தால் காயில் சூடேறி வெந்துவிடும்.

8. டைமிங் லைட் இருந்தால் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலில் சரிபாருங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வெட்டு சீராக முன்னே நகர வேண்டும். நகராவிட்டால் உள்ளே எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கின்றன. ஓர் இடத்தில் நிற்காமல் துள்ளினால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு எத்தனை முறை கேப் வைத்தாலும் நிற்காது.

மேடேறும்போது கடகடவென்று நாக்கிங் கேட்டால் அட்வான்ஸ் அதிகம். இன்ஜின் சூடேறி இழுவை இல்லாமல் போனால் ரிடார்ட். லூகாஸின் பழைய வகைகளில் வேக்குவம் டப்பா அருகே ஏ, ஆர் என்று குறித்த சின்னத் திருகு இருக்கும். நுணுக்கமான திருத்தத்துக்கு அதுவே போதும், கிளாம்ப்பைத் தொடவே வேண்டாம்.

ஏமாற்றும் மூன்று கோளாறுகள்

ரோட்டர் பார்க்கப் புதிதாக இருக்கும், நெருப்பு மட்டும் பிளக்குக்குப் போகாது. பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு நெருப்பு ஷாஃப்ட்டுக்கே இறங்கிவிடுகிறது. பாயிண்ட் வண்டியில் இதைக் கண்டுபிடிக்க: மூடியை எடுத்துவிட்டு, காயிலின் நடு ஒயரை இன்சுலேட்டட் பிளையரால் பிடித்து ரோட்டர் தகட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, சாவியை ஆனில் போட்டு, சேர்ந்திருக்கும் பாயிண்ட்டை மரக்குச்சியால் பிரித்துப் பாருங்கள். தகட்டுக்குப் பொறி தாவினால் ரோட்டரில் ஓட்டை. நல்ல ரோட்டருக்கு அது தாவாது, ஏனென்றால் போக வழியில்லை. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் ரோட்டர்களில் இது சகஜம் என்பதால், புதிது போட்டதும் பழையதைத் தூக்கி எறியாமல் டேஷ்போர்டில் போட்டு வைப்பது நல்லது.

இரண்டாவது, பாயிண்ட் தட்டை எர்த் செய்யும் பின்னல் ஒயர். வேக்குவம் தட்டை ஆட்டும்போதெல்லாம் இதுவும் சேர்ந்து வளையும். நாளடைவில் துணிக்குள்ளேயே அறுந்துவிடும். ஐடிலில் வண்டி அழகாக நிற்கும். ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் தட்டு திரும்பி எர்த் விட்டுப்போய் வண்டி மிஸ்ஸடிக்கும். எல்லாரும் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். முதலில் அந்த ஒயரை விரலால் இழுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, மூடியில் கீறல். இரண்டு டெர்மினலுக்கு நடுவே பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கரிக்கோடு தெரியும். ஈரம் பட்டால் நெருப்பு அதன் வழியே தப்பிக்கும். மழையில் நின்றுபோகும் வண்டி, வெயில் அடித்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் முதல் சந்தேகம் இங்கேதான். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் மூடியிலும் ஒயரிலும் நீல மின்னல் கண்ணுக்கே தெரியும். வெறும் ஈரம் என்றால் உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் போதும். கரிக்கோடு விழுந்துவிட்டால் மூடியை மாற்றுவதுதான் வழி. சுரண்டினால் மறுபடி அங்கேயே விழும்.

முதலில் போனது பாயிண்ட்

1973இல் கிறைஸ்லர் தன் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொருத்தியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் அதேதான்: அதே மூடி, அதே ரோட்டர், அதே எடைகள். பாயிண்ட் இருந்த இடத்தில் மட்டும் ஒரு சென்சார். அது தரும் சைகையில் மாட்யூலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் காயில் கரண்டை வெட்டும். உரசித் தேய எதுவும் இல்லாததால் கேப் வைக்கும் வேலை ஒழிந்தது. கூடுதல் கரண்ட் அனுப்ப முடிவதால் 30,000 வோல்ட்டுக்கு மேலும் கிடைத்தது. பிளக் கேப்பையும் 0.6 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை அகட்ட முடிந்தது.

சென்சாரில் இரண்டு ஜாதி உண்டு, சோதிக்கும் முறையும் வேறு. இரண்டு ஒயர் மட்டும் வந்தால் பெரும்பாலும் காந்தப் பிக்கப்: பல் வைத்த சக்கரம் காந்தத்தைக் கடக்கும்போது தானே ஏ.சி. வோல்ட் உண்டாக்கும். ஓம் மீட்டரில் பொதுவாகச் சில நூறு ஓம்களாவது காட்டும். மூன்று ஒயர் வந்தால் ஹால் சென்சாராக இருக்கலாம். அதற்கு வெளியிலிருந்து சப்ளை வேண்டும், ஓம் மீட்டரால் அளக்கக் கூடாது. சப்ளை கொடுத்து ஷாஃப்ட்டைக் கையால் திருப்பினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும்.

சூடானால் நிற்கிறது, அரை மணி நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் மாட்யூலைச் சந்தேகியுங்கள். அதன் அடியில் சூடு கடத்தும் வெள்ளைப் பசை தடவியிருக்கும். பழைய பசை காய்ந்திருந்தாலும், மாற்றியவர் தடவ மறந்திருந்தாலும் மாட்யூல் வெந்துவிடும்.

இந்த வண்டிகளில் பழைய பழக்கம் ஒன்றை விட்டுவிட வேண்டும்: பிளக் ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்து இன்ஜினைச் சுற்றுவது. அழுத்தமும் கரண்டும் இங்கே அதிகம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது. போக வழியில்லாத நெருப்பு மாட்யூலையோ காயிலையோ துளைத்துவிடும். ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, எர்த் செய்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்துப் போனது டைமிங்

1979இல் பாஷின் மோட்ரானிக், பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனையும் இக்னிஷனையும் ஒரே கம்ப்யூட்டரின் கையில் கொடுத்தது. அதன் பிறகு எடைகளுக்கும் ஸ்பிரிங்குக்கும் வேக்குவம் டப்பாவுக்கும் வேலையில்லை. கிராங்க் அருகில் பல்சக்கரமும் சென்சாரும் வந்தன. 60 பல்லுக்கு இடமிருந்து இரண்டை மட்டும் வெட்டிவிட்ட சக்கரம் பரவலான ஒன்று. ஒரு பல்லுக்கு 6 டிகிரி, வெற்றிடம் வரும்போது கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈ.சி.யூ எனும் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். நாக் சென்சார் காது கொடுத்துக் கேட்டு, கடகடப்பு வந்தால் சில டிகிரி பின்வாங்கும். எடையும் ஸ்பிரிங்கும் இதை ஒருநாளும் செய்ய முடியாது.

இந்த இடைக்கால வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும், ஆனால் பங்கிடும் வேலைக்கு மட்டும். சிலவற்றில் காயிலையும் மாட்யூலையும்கூட அதற்குள்ளேயே அடைத்து வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் டப்பாவைத் திருப்பினால் டைமிங் மாறாது, ரோட்டர் முனை டெர்மினலிலிருந்து விலகி மிஸ்ஸடிப்பதுதான் மிச்சம். சிலவற்றில் திருப்பலாம், ஆனால் முதலில் மேனுவல் சொல்லும் கனெக்டரை ஷார்ட் செய்து, ஈ.சி.யூ தன் திருத்தத்தை நிறுத்திய பிறகுதான் அளக்க வேண்டும்.

கடைசியில் மூடியும் போனது

டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல் ஓட்டலாம் என்பது புதிய யோசனை அல்ல. 1948இல் வெளிவந்த சிட்ரோயன் 2சிவியில் பாயிண்ட் உண்டு, மூடியும் ரோட்டரும் கிடையாது. ஒரே காயிலின் இரு முனையும் இரண்டு பிளக்குக்குப் போகும். இரண்டும் ஒரே நேரத்தில் பொறிக்கும். ஒன்று கம்ப்ரஷனில் இருக்க, மற்றது எக்ஸாஸ்ட்டில் இருப்பதால் அங்கே விழும் பொறி வீண், கெடுதலும் இல்லை. 1980களில் வந்த காயில் பேக்குகள் செய்தது இதையேதான்: நான்கு சிலிண்டருக்கு இரண்டு காயில், 1உம் 4உம் ஒரு ஜோடி, 2உம் 3உம் இன்னொரு ஜோடி.

ஆகவே 1உம் 4உம் சேர்ந்து மிஸ்ஸடித்தால் காயில் அல்லது அதற்கு வரும் சிக்னல். ஒன்று மட்டும் என்றால் ஒயர், பிளக். ஜோடியில் ஒரு பிளக்கில் கரண்ட் தலைகீழாகப் போவதால் தேய்மானமும் ஒரே மாதிரி இருக்காது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போதைய கார்களில் ஒயரும் போய், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். சாப் 1980களின் கடைசியிலேயே இதைக் கொண்டுவந்தது. மற்றவர்களையும் இந்தப் பக்கம் தள்ளியதில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குப் போனால் அது கன்வெர்ட்டருக்குள் எரிந்து, உள்ளேயிருக்கும் பீங்கானை உருக்கிவிடும். ஈரம் பட்டால் மிஸ்ஸடிக்கும் மூடியை அதன் முன்னால் வைத்திருக்க முடியாது.

இங்கே கோளாறு தேடுவது சுலபம். ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் 2ஆம் சிலிண்டர் மிஸ்ஸடிக்கிறது. அந்தக் காயிலை 3க்கும், 3இன் காயிலை 2க்கும் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் அந்த எரர் கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில்தான். பி0302வே மறுபடி வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள், அதிலும் இல்லையென்றால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். காயிலை உருவும்போது ரப்பர் குழலுக்குள் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் ஓரத்து சீலை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுக் காயிலும் கெடும்.

நான்கு சிலிண்டரும் ஒன்றாகச் செத்துப்போய், செல்ஃப் சுற்றியும் பொறியே இல்லையென்றால் காயில்களைத் தொட வேண்டாம். நான்கும் ஒரே நாளில் போகாது. இக்னிஷன் ஃப்யூஸ், ரிலே, அடுத்து கிராங்க் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம் சுழியத்திலேயே நின்றால் சென்சாரோ அதன் ஒயரோதான்.